சிறு காரும் பின்வண்டியும்

ஒரு தேசத்தில் சர்வசாதாரணமாக நடக்கும் காரியம் வேறொரு தேசத்தில் விபரீதத் துணிச்சலாக எண்ணப்படுவதை நாம் எத்தனையோ விஷயங்களில் கண்டிருக்கிறோம். ஆனால், இரும்பினாலும் ரப்பரினாலும் செய்த ஒரு மோட்டார் காரின் பலமே தேசத்துக்குத் தேசம் மாறும் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக் கூடும். நகைப்புக்கு இடமான அந்தக் காரியம் மெய்யாகவே நடந்து வந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியாரின் 'கோல்ப்' என்னும் சிறு கார், பிரேக் பொருத்திய டிரெய்லரைத் தன் பின்னால் பூட்டிக்கொண்டு 1,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தை இழுக்கலாம் என்று அந்தக் கம்பெனியாரே ஐரோப்பாவில் எழுத்து மூலம் உறுதி கூறியிருக்கிறார்கள். அதே பெயருள்ள காரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விற்றபோதோ, டிரெய்லர் இழுப்பதற்கு அது ஏற்றதல்ல என்று கையை விரித்து விட்டார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும்போது காரின் பலம் எங்கே கரைந்து போயிற்று என்பதே இன்று நாம் விசாரிக்க விரும்பும் கேள்வி.

இது மோட்டார் பித்தர்களுக்கு மட்டும் உரிய அற்ப விவகாரம் என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். டிரெய்லர் என்பது தனக்கென்று எஞ்சின் இல்லாமல், முன்னே செல்லும் வண்டியின் கொக்கியில் பூட்டி இழுக்கப்படும் பின்வண்டி. தச்சனுக்குப் பலகை ஏற்றவும், தோட்டக்காரனுக்கு உரமும் கருவிகளும் கொண்டு செல்லவும், குடித்தனக்காரன் வீடு மாறும்போது கட்டிலையும் பீரோவையும் சுமக்கவும், கடலோரத்தான் தன் சிறு படகைத் தண்ணீர்க்கரை வரையில் கொண்டு போகவும் இது உதவுகிறது. வருஷத்தில் பத்து நாள் பாரம் ஏற்ற வேண்டியவன், அந்தப் பத்து நாளைக்கு மட்டும் பின்வண்டியைப் பூட்டிக்கொண்டு, மற்ற நாளெல்லாம் பெட்ரோல் செலவு குறைந்த சிறு காரிலேயே போய்வரலாம். பின்வண்டி கூடாது என்று தடுத்துவிட்டால், பத்து நாள் தேவைக்காக வருஷம் முழுவதும் பெரிய லாரி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியதாகும். அது யானையைக் கட்டித் தீனி போடும் காரியம். ஆகவே, சிறு கார் பின்வண்டி இழுக்கலாமா என்னும் கேள்வி, சிறு வருமானக்காரன் தன் தொழிலைத் தன் சக்திக்குள் நடத்தலாமா என்னும் கேள்வியேயாகும்.

எஞ்சினில் குறை இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். ஐரோப்பிய யூனியன் விதிகளின்படி, 100 அடிக்கு 12 அடி உயரும் சரிவில், பின்வண்டியோடு நிற்கும் கார் 5 நிமிஷத்துக்குள் 5 தடவை நின்று நின்று புறப்பட்டுக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அவ்வளவு பாரத்துக்கு அனுமதி உண்டு. இது எளிய பரீட்சையன்று. கிளட்சையும் எஞ்சினையும் நன்றாகவே சோதிக்கிறது. அமெரிக்காவில் கம்பெனிகள் தாமாக ஏற்றுக்கொண்டிருக்கும் அளவுகோல் வேறு. அரிஸோனா ராஜ்யத்தில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11 மைலுக்கு மேற்பட்ட மலையேற்றத்தில், கொடும் வெயிலில், குளிர்சாதனக் கருவியையும் ஓட்டிக்கொண்டு, குறித்த வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். இந்தப் பரீட்சை கடினமானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் பின்வண்டியோடு ஏறி இறங்கும் கார்களைப் பலமற்றவை என்று யார் சொல்ல முடியும்? 300 கிலோகிராம் உள்ள ஒரு சிறு பின்வண்டியைக் கூடத் தொடாதே என்று சொல்வதற்கு மலையேற்றம் காரணமாகாது. காரணம் எஞ்சினில் இல்லை. அது மூன்று இடங்களில் இருக்கிறது: பாரத்தை ஏற்றும் முறையில், பிரேக்கில், வேகத்தில்.

பாரம் ஏற்றும் முறையைப் பற்றி நம்மவர்களுக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை அச்சில் இரண்டு சக்கரத்தோடு ஓடும் நமது கட்டை வண்டியும், காரின் பின்னால் ஓடும் சிறு டிரெய்லரும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து இற்றுப்போகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். அனுபவமுள்ள வண்டிக்காரன் மூட்டைகளை அடுக்கிய பிறகு நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, அளவான முன்பாரம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பின்பே மாட்டைப் பூட்டுவான். டிரெய்லரிலும் அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் விழ வேண்டும். பின்பாரம் ஏறினால், ஓட்டத்தில் டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் பெருகிக் காரையே சாலையைவிட்டுப் புரட்டிவிடும். மாட்டு வண்டியில் தவறு செய்தால் மாடு நின்றுவிடுகிறது. காரோ நிற்பதில்லை, ஆகையால் இங்கே தவறு உயிரையே வாங்கி விடுகிறது.

கொக்கியின்மேல் இறங்க வேண்டிய இந்த முன்பாரம் எவ்வளவு என்பதிலேயே இரு கண்டங்களும் வேறுபடுகின்றன. பின்வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு போதும் என்பது இங்கிலாந்தில் வழங்கும் யோசனை. நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 1,000 கிலோகிராம் டிரெய்லருக்கு முதற் கணக்கின்படி 50 முதல் 70 கிலோகிராம் கொக்கியில் இறங்கும். இரண்டாவது கணக்கின்படி 100 முதல் 150 வரை இறங்கும். சிறு காரின் பின்புற வில்கள் முன்னதைத் தாங்கும், பின்னதைத் தாங்கமாட்டா. பின்புறம் அமிழ்ந்தால் முன் சக்கரங்களின் பிடி தளரும். திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும். அமெரிக்கர் ஏன் அவ்வளவு முன்பாரம் கேட்கிறார்கள்? அவர்கள் வேகமாக ஓட்டுகிறார்கள். வேகம் ஏற ஏற, பின்வண்டியின் ஆட்டம் தானாக அடங்கும் தன்மை குறைகிறது. அதை அடக்குவதற்கு முன்பாரத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே சிறு காரைப் பந்தயத்திலிருந்து விலக்கியது அதன் பலவீனமன்று. சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகமேயாகும்.

பிரேக்கின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1,200 கிலோகிராம் எடையுள்ள காரின் பின்னால் பிரேக் இல்லாத 600 கிலோகிராம் டிரெய்லர் வருவதாக வைத்துக்கொண்டால், காரின் நான்கு சக்கரங்களே 1,800 கிலோகிராமையும் நிறுத்த வேண்டும். டயரின் பிடி முழுவதையும் உபயோகித்தாலும், தனியாக 40 அடியில் நிற்கும் கார் இப்போது 60 அடியில்தான் நிற்கும். அந்த 20 அடிக்குள் ஒரு குழந்தை இருக்கக் கூடும். ஆகையால்தான் ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். இங்கிலாந்திலோ 750 கிலோகிராம், அல்லது இழுக்கும் காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. அதற்கு மேற்பட்டால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தாக வேண்டும். கார் வேகம் குறைந்தவுடன் பின்வண்டி முன்னே வந்து கொக்கியைத் தள்ள, அந்தத் தள்ளுதலே ஒரு தண்டை அழுத்திப் பின்வண்டியின் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் எளிய ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. கொக்கி கழன்றால் தானே பிரேக்கை இறுக்கும் கம்பியும் உண்டு.

வேகத்திலும் அதே கண்டிப்பைக் காண்கிறோம். ஜெர்மனியின் புகழ்பெற்ற நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளில் காருக்கு வேக வரம்பே கிடையாது. ஆயினும் பின்வண்டி பூட்டிய கார் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது. தனித் தகுதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும் 100 வரையில் அனுமதி. இங்கிலாந்தில் இருவழிச் சாலையில் 50 மைலும் நெடுஞ்சாலையில் 60 மைலும் எல்லை. மூன்று வரிசையுள்ள நெடுஞ்சாலையில் வலதுகோடி வரிசையில் பின்வண்டியோடு ஏறவே கூடாது. 50 மைல் வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்துவதைக் காட்டிலும் 70 மைல் வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்த ஏறக்குறைய இரு மடங்கு சக்தியை அழிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இந்தக் கணக்கைச் சட்டமாக எழுதியிருப்பதே ஐரோப்பியர் செய்த காரியம்.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே இந்தச் சட்டம் ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறுகிறது. கலிபோர்னியாவில் பின்வண்டி பூட்டிய காருக்கு 55 மைல் எல்லை. பிரேக் வேண்டும் என்னும் எல்லை 1,500 ராத்தல். ஆனால் இவ்விதக் கண்டிப்பு எங்கும் இல்லை. பல ராஜ்யங்களில் 3,000 ராத்தல், அதாவது சுமார் 1,360 கிலோகிராம் வரையில், டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும் என்ற கட்டாயமில்லை. பல ராஜ்யங்களில் பின்வண்டியோடு செல்லும் காருக்கெனத் தனி வேக வரம்பும் இல்லை. தனியே செல்லும் கார் எவ்வளவு வேகம் போகலாமோ அவ்வளவு வேகம் இதுவும் போகலாம். பிரேக் இல்லாத பெரும் பாரத்தை 70 மைல் வேகத்தில் ஒருவன் இழுத்துச் செல்ல இடமிருக்கிறபோது, காரைச் செய்து விற்கிற கம்பெனி என்ன செய்யும்? கவிழ்ந்தவன் நஷ்டஈட்டு வழக்குத் தொடுப்பான் என்று அஞ்சி, 'இழுக்காதே' என்ற ஒரே வார்த்தையைக் கைப்புத்தகத்தில் அச்சிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஜாக்கிரதையாக 45 மைல் வேகத்தில் 300 கிலோகிராம் இழுக்க விரும்பும் தச்சனுக்கும் அதே பதில்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் நமது வாசகர்கள் கவனிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. சர்க்கார் விதி கண்டிப்பாக இருக்கும் தேசத்தில் சிறு காருக்காரன் சுதந்திரமாகப் பின்வண்டி இழுக்கிறான். சர்க்கார் விதி தளர்ந்திருக்கும் தேசத்தில் கம்பெனியின் தடையுத்தரவு அவனைக் கட்டிப்போடுகிறது. பொதுஜனங்களுக்குப் பொறுப்புள்ள சட்டசபை விதிக்க வேண்டிய எல்லையைச் சட்டசபை விதிக்கத் தவறினால், யாருக்கும் பொறுப்பில்லாத வியாபார ஸ்தாபனம் அதைத் தன் லாப நஷ்டக் கணக்கின்படி விதித்துவிடும். சட்டத்தின் எல்லையை எதிர்த்து வாதாடலாம், பத்திரிகையில் எழுதலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். கைப்புத்தகத்தின் எல்லையை எந்த வோட்டினால் மாற்றுவது?

லாபக் கணக்கு என்று சொன்னதை வெறும் சந்தேகமாக யாரும் கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பாரம் இழுக்க விரும்புகிறவனுக்குக் கம்பெனிகள் காட்டும் வழி 'பிக்-அப்' என்னும் சிறு லாரி. அந்த வியாபாரத்தின் சரித்திரம் விசித்திரமானது. 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சியின்மீது வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக ஜனாதிபதி ஜான்ஸன் 1963 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவின்படி, அந்நிய நாட்டுச் சிறு லாரிகளின்மீது நூற்றுக்கு 25 வீதம் இறக்குமதி வரி 1964 ஜனவரியிலிருந்து விதிக்கப்பட்டது. கோழிச் சண்டை ஓய்ந்து நெடுங்காலமாகியும், லாரிமீது விழுந்த வரி அரை நூற்றாண்டுக்கு மேலாக நீடித்தது. வரிச் சுவருக்குள் போட்டியின்றி வளர்ந்த அந்த லாரி, உள்நாட்டுக் கம்பெனிகளுக்குப் பொன் முட்டையிடும் வாத்தாக ஆயிற்று. பிறகு 1975-ல் இயற்றிய எரிபொருள் சிக்கனச் சட்டமும் லாரிக்கு வேறு நியாயம், காருக்கு வேறு நியாயம் என்று பிரித்தது. 1996 முதல் 2004 வரையில் கார்கள் சராசரியாக ஒரு காலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்று விதித்தவர்கள், சிறு லாரிகளுக்கு 20.7 மைல் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் குடும்பத்தையும் பின்வண்டியையும் சேர்த்து இழுத்துச் சென்ற 'ஸ்டேஷன் வாகன்' கார்கள் அமெரிக்கச் சாலைகளில் அருகிப்போனதற்கு இந்தப் பாரபட்சமும் ஒரு காரணமாகும். சிறு கார் இழுக்கும் என்று சொல்லிவிட்டால் பெரிய லாரியை விற்பது எப்படி என்னும் எண்ணம் வியாபாரிகளுக்கு இல்லையென்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மறுபக்கத்து நியாயத்தையும் மறைப்பது முறையாகாது. அமெரிக்காவில் தூரங்கள் நீண்டவை; பாலைவனத்து வெப்பம் கொடியது; அங்கே விற்ற கார்களில் பல, தானே கியர் மாற்றும் அமைப்புள்ளவை; மலையேற்றத்தில் அந்த அமைப்புச் சூடேறிக் கெடக் கூடும். இவையெல்லாம் அனுமதிக்கும் எடையைக் குறைப்பதற்கு நல்ல காரணங்கள். அனுமதியையே மறுப்பதற்குக் காரணங்களாக மாட்டா. 1,300 கிலோகிராமை 500 ஆகக் குறைத்து, 55 மைலுக்கு மேல் போகாதே என்று சொல்லலாம். காரணம் சொல்லாமல் சூன்யமாக்குவதையே நாம் ஆட்சேபிக்கிறோம். காரணம் சொல்லாத தடையை ஜனங்கள் மதிக்க மாட்டார்கள். எங்கோ ஒரு பட்டறையில் கொக்கியைப் பொருத்திக்கொண்டு, முன்பாரம் எவ்வளவு, பின்பாரம் எவ்வளவு என்று கேட்காமலே இழுத்துச் செல்வார்கள். அனுமதித்து அறிவு புகட்டினால் தப்பும் உயிர்கள், தடுத்துவிட்டு மௌனம் சாதிப்பதால் போகின்றன.

ஐரோப்பாவின் முறையும் காவலில்லாமல் தானே நிற்காது என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1997 ஜனவரி 1-ஆம் தேதி முதல் கார் லைசென்ஸ் பெற்றவர்கள், 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லர்களைப் பொதுவாக இழுக்க வேண்டுமானால் தனிப் பரீட்சை கொடுக்க வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. கார், டிரெய்லர் இரண்டும் சேர்ந்து 3,500 கிலோகிராமுக்குள் அடங்கினால் மட்டுமே விலக்கு. 2021-ல் அந்நாட்டில் லாரி டிரைவர்களுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. லாரி டிரைவர்களைச் சீக்கிரம் பரீட்சிக்கப் பரிசோதகர்கள் வேண்டும் என்ற காரணத்தினால், டிரெய்லர் பரீட்சையை சர்க்கார் ரத்துச் செய்தது. வருஷத்துக்குச் சுமார் 30,000 பரீட்சைகளுக்கு இடம் கிடைக்கும் என்று கணக்கும் காட்டியது. 2021 டிசம்பர் 16-ஆம் தேதி முதல், 3,500 கிலோகிராம் வரையிலான டிரெய்லரைப் பரீட்சையின்றி இழுக்கலாம் என்றாயிற்று. டிரெய்லர் இழுப்பது சுலபமாகிவிட்டது என்பதனால் பரீட்சை நீங்கவில்லை. வேறோர் இலாகாவின் அவசரத்துக்காக நீங்கியது. சர்க்காருக்கு நெருக்கடி வந்தபோது, சாலையில் நடப்பவனின் பாதுகாப்பையே முதலில் விலைபேசினார்கள் என்று சொல்லாமல் இருக்க நம்மால் முடியவில்லை. சட்டத்தின் கண்டிப்பு இப்படித் துண்டு துண்டாகக் கரைந்தால், நாளைக்கு அங்கேயும் கம்பெனிகள் அஞ்சிக் கைப்புத்தகத்தில் 'இழுக்காதே' என்று அச்சிடும் காலம் வரக் கூடும்.

ஆகவே நாம் கேட்பது இரு தலைப்பட்டது. சர்க்கார்களிடம் நாம் கேட்பது: பின்வண்டிக்குப் பிரேக் எப்போது வேண்டும், எவ்வளவு வேகம் போகலாம், கொக்கியில் எவ்வளவு பாரம் இறங்கலாம் என்ற மூன்றையும் பாமரனும் புரிந்துகொள்ளும் பாஷையில் சட்டமாக்குங்கள்; சட்டமாக்கியதைக் காப்பாற்றுங்கள். கம்பெனிகளிடம் நாம் கேட்பது: உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பதைச் சோதித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஒரு கண்டத்தில் சொன்ன உண்மையை மறு கண்டத்தில் மறைக்காதீர்கள்.

இழுக்கிறவனுக்கும் கடமை உண்டு. காரின் எடைப் பலகையில் எழுதிய எண்ணையும், கொக்கியில் பொறித்த எண்ணையும், டிரெய்லரில் பொறித்த எண்ணையும் பார்த்து, மூன்றில் குறைந்ததையே எல்லையாகக் கொள்ள வேண்டும். கனமான சாமானை அச்சுக்குச் சற்று முன்னே தாழ்வாக வைத்துக் கட்டி, கொக்கியின் பாரத்தைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். டயரில் காற்றும், பின்விளக்கும், காவல் கம்பியும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் பின்வண்டி ஆடத் தொடங்கினால், மிரண்டு வேகத்தைக் கூட்டாமலும், சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் போராடாமலும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மெள்ள வேகம் குறையவிட வேண்டும். இவ்வளவையும் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். நுகத்தடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டைப் பூட்டிய வண்டிக்காரன் எந்தக் கல்லூரியிலும் படித்தவனல்ல. தன் மாட்டுக்கும் எதிரே வருகிறவனுக்கும் தான் பொறுப்பாளி என்பதை மட்டும் அவன் அறிந்திருந்தான். அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இருப்பவனிடம், உன் கார் சிறியது, ஆகையால் உனக்கு உரிமையில்லை என்று சொல்வதற்கு எந்த வியாபாரிக்கும் அதிகாரமில்லை என்பதே நமது தீர்மானமான அபிப்பிராயம்.